போர்டும் ப்ராசஸரும் மாற்றப் போகிறீர்களா? முதலில் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

"20,000 ரூபாய்க்குள்ள நல்ல ப்ராசஸர், மதர்போர்டு எது?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் 2025 அக்டோபருக்குப் பிறகு வந்தவர்கள். அந்த மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துகொண்டிருந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) வேண்டும், இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதனால் டேலி போட, டிடிபி வேலை பார்க்க, பிள்ளைகள் படிக்க என்று எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த நான்காம் தலைமுறை, ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 எல்லாம் திடீரென்று 'பழசு' ஆகிவிட்டன.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி எந்த ப்ராசஸர் என்பதுதான். பட்ஜெட்டில் மாற்றுகிறவர் அதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியாக வைத்துக்கொள்வது நல்லது. பழைய கம்ப்யூட்டரில் எதெல்லாம் மிஞ்சப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். ராம், எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி), மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு, இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் ப்ராசஸர் பட்டியல் இரண்டு மூன்று பெயர்களாகச் சுருங்கிவிடும், போர்டு அதற்கு அப்புறம் தானாக முடிவாகும். தலைகீழாகப் போனால், அதாவது தள்ளுபடியில் கிடைத்தது என்று ப்ராசஸரை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பொருந்த மற்றதைத் தேடினால், சேமித்த 1,500 ரூபாய்க்கு மேல் வேறு இடத்தில் போய்விடும்.

ராம்தான் முதல்

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி ராமில் ஒரு ஸ்டிக்கை வெளியே எடுத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். 'பிசி3' என்று தொடங்கும் எண் இருந்தால் டிடிஆர்3, 'பிசி4' என்றால் டிடிஆர்4. திறக்கப் பிடிக்காதவர்கள் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி மெமரி பகுதியைப் பார்த்தால் போதும். பொதுவாக நான்காம் தலைமுறை இன்டெல் வரை டிடிஆர்3, 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து டிடிஆர்4. ஆனால் ஆறாம் தலைமுறைக்கு டிடிஆர்3 போடும் போர்டுகளும் அப்போது விற்றன, அதனால் தலைமுறையை வைத்து ஊகிக்காமல் ஸ்டிக்கரையே பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் விலை. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண ராம் குறைந்துபோனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது போல, போர்டை விட அதில் செருகும் ராம் அதிக விலை கேட்கிற நிலைமை வந்துவிட்டது. ஆகவே உங்களிடம் 8 ஜிபியோ 16 ஜிபியோ டிடிஆர்4 இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், அதை வைத்தே மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

டிடிஆர்3 மட்டும் இருக்கிறதா? அப்படியானால் ராமுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். புதிதாக வாங்க முடியாவிட்டால் பயன்படுத்திய டிடிஆர்4 ஸ்டிக்குகளைத் தேடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் பாகங்களிலேயே ஆபத்து குறைவானது ராம்தான் என்பது என் கருத்து. அதில் தேய்வதற்கு அசையும் பாகம் எதுவும் இல்லை, கெட்டுப்போயிருந்தால் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிட்டால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வாரம் திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

போர்டை மாற்றவே தேவையில்லாதவர்கள்

உங்களிடம் ஏற்கெனவே முதல் தலைமுறை ரைசன் (1200, 1600 மாதிரி, பெயரில் 2 இருந்தாலும் 2200ஜி-யும் இந்தக் கூட்டம்தான்) இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இந்த ப்ராசஸர்கள் போர்டில் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது, அதே சாக்கெட்டில் ரைசன் 5000 வரிசையும் உட்காருகிறது. பி450 (இது சிப்செட், அதாவது போர்டின் முக்கியச் சிப்பின் பெயர்) போர்டுகளில் பயாஸை, அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்தால் ரைசன் 5 5600 வேலை செய்யும். 2022-இல் ஏ320, பி350 போர்டுகளுக்கும் இந்த ஆதரவைத் தர ஏஎம்டி வழிவிட்டது. உங்கள் போர்டின் சரியான மாடல் பெயரை, அதன் கீழே பொடியாக அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணோடு குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியலைப் பாருங்கள். அதில் 5600 இருந்தால் பழைய ப்ராசஸரோடேயே பயாஸை அப்டேட் செய்துவிட்டு புது ப்ராசஸரை மட்டும் மாட்டுங்கள், வேலை முடிந்தது (5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் 2200ஜி ஓட்டியவர்கள் பட்டியலில் 5600ஜி-ஐப் பாருங்கள்). இதைவிடச் சிக்கனமான மாற்றம் கிடையாது, ஆனால் கடைக்காரர் யாரும் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், போர்டு விற்பனை ஆகாதே!

ஏஎம்4-இல் ஒரு விஷயம் கவனம். பின்கள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், பின் வளையும். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகிய பிறகு எடுங்கள்.

இன்டெல்காரர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் குறைவு. ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ1151. ஆனால் எச்110 போர்டில் எட்டாம் தலைமுறை ஐ3 ஓடாது, அதற்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். செகண்ட் ஹேண்டில் ப்ராசஸர் வாங்குகிறவர்கள் 'சாக்கெட் ஒண்ணுதானே' என்று ஏமாறும் இடம் இது.

டிடிஆர்4 இருக்கிறது, போர்டும் மாற்ற வேண்டும்

இங்கே இரண்டே வழி. ஒன்று, இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டு. இன்னொன்று, ஏஎம்டி ஏஎம்4.

எல்ஜிஏ1700-இல் 12, 13, 14 என மூன்று தலைமுறையும் போடலாம். அலுவலகம், பில்லிங், இணையம், ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் ஃபோட்டோஷாப் என்றால் ஐ3-12100 போதும், உண்மையிலேயே போதும். நான்கு கோர்தானே (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி) என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஆனால் 2011-இன் ஐ7-2600-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். வேகத்தில் அது இந்த ஐ3-க்குப் பக்கத்திலேயே வராது. 13100, 14100 இரண்டும் ஏறக்குறைய இதே சரக்கு, கிளாக் வேகம் மட்டும் கொஞ்சம் அதிகம். விலை வித்தியாசம் சில நூறு என்றால் எடுக்கலாம், 2,000 என்றால் வேண்டாம். வீடியோ எடிட்டிங், கேம், ஒரே நேரத்தில் பத்து வேலை என்றால் ஐ5-12400: ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 12400எஃப் கொஞ்சம் மலிவு என்று வாங்கி வந்து, போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகிவிட்டு, டிஸ்ப்ளே வரவில்லை, போர்டு போச்சு என்று கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அது படம் காட்டாது. ஏற்கெனவே நல்ல கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் எஃப் எடுங்கள், அவர்களுக்குங்கூட என் ஓட்டு எஃப் இல்லாததற்குத்தான், ஏனென்றால் கார்டு ஒருநாள் மக்கர் செய்தால் கம்ப்யூட்டரே முடங்காது. 'கே' என்பது ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இந்த பட்ஜெட்டில் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

ஏஎம்4 பக்கம் போனால் மூன்று பெயர், மூன்றும் ஒன்று போலவே இருந்து குழப்பும். 5600ஜி-இல் வேகா கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, இன்டெல் ஐ3, ஐ5-இல் வரும் யூஎச்டி 730-ஐ விடக் கேமுக்கு அது தெளிவாகவே மேல். தனி கார்டு வாங்கப் பணமில்லை, பையன் வாலரண்ட் ஆடணும் என்கிறான் என்றால் இதைப் பாருங்கள், கூடவே ராமை இரண்டு ஸ்டிக்காகப் போடுங்கள் (ஒரே 16-ஐ விட இரண்டு 8), உள் கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. 5600-இல் கிராபிக்ஸ் இல்லை, ஆனால் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பி, பிசிஐஇ (கார்டுக்குப் போகும் பாதை) 4.0, தனி கார்டோடு சேர்த்தால் மூன்றில் இதுதான் சிறந்தது. 5500 என்பது 5600-இன் தம்பி போலத் தெரியும், நிஜத்தில் அது 5600ஜி-இன் கிராபிக்ஸை அணைத்துவிட்ட வடிவம்: 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0, படமும் காட்டாது. விலை நன்றாகக் குறைந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

ராமே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏஎம்5-ஐயும் பார்க்கலாம். 2022-இல் வந்த சாக்கெட், டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், 2027-க்கும் அப்பால் இதை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 8500ஜி உள் கிராபிக்ஸோடு வருகிறது. ஆனால் தனி கார்டுக்கு அது தரும் பாதை நான்கு லேன்தான், அதனால் பின்னால் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 7600 சரியான தேர்வு. எல்ஜிஏ1700-க்கு அடுத்து இன்டெல் 2024-லேயே எல்ஜிஏ1851-க்குப் போய்விட்டது, 'செத்த சாக்கெட்டை வாங்காதே' என்று நண்பர்கள் சொல்வார்கள். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற வீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ப்ராசஸர் மாற்றுகிற ஆள் இந்தக் கட்டுரையைப் படிக்கவும் மாட்டார்.

போர்டில் எதைப் பார்ப்பது

ஐ3-12100-க்கோ ஐ5-12400-க்கோ எச்610 போதும். ரைசன் 5600ஜி-க்கு ஏ520 போதும். 5600-க்கு, அதோடு நல்ல கார்டுக்கு, பி550 இருந்தால்தான் பிசிஐஇ 4.0 முழுதாகக் கிடைக்கும், பி450-உம் ஓடும். 'பி760 வாங்குங்க, ஃபியூச்சர் ப்ரூஃப்' என்று சொல்லி 4,000 ரூபாய் கூடுதலாகத் தள்ளுவார்கள், அந்த 4,000 எஸ்.எம்.பி.எஸ்.-இலோ எஸ்எஸ்டி-யிலோ போனால் பத்து மடங்கு பயன்.

எச்610 போர்டின் வரம்புகள் இவை: பொதுவாக ராமுக்கு இரண்டு இடம், எம்.2 எஸ்எஸ்டி-க்கு ஒரு இடம், டிடிஆர்4 ராம் 3200-க்கு மேல் ஓடாது. சாக்கெட்டை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னச் சதுரங்கள்தான் ப்ராசஸருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் விஆர்எம். மலிவான போர்டுகளில் அவற்றின் மேல் ஹீட்சிங்க் இருக்காது. 12100-க்கு அது பரவாயில்லை. நாளெல்லாம் வீடியோ ரெண்டர் ஆகும் 12400-க்கு ஹீட்சிங்க் உள்ள மாடலாகப் பாருங்கள், நம்மூர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஐ7 எல்லாம் எச்610-இல் போடலாம் என்று பட்டியலில் எழுதியிருக்கும், அது உட்காரும், ஓடும், முழு வேகத்தில் ஓடும் என்று நம்பாதீர்கள்.

ஒரே மாடல் பெயரில் டிடிஆர்4 ஒன்றும் டிடிஆர்5 ஒன்றும் விற்கிறார்கள். 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்ற ஒட்டு பெயரின் கடைசியில் இருக்கிறதா என்று பெட்டியிலேயே பாருங்கள். ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். டிடிஆர்4 ஸ்டிக்கின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்5 துளையில் அழுத்தினாலும் போகாது, வேகமாக அழுத்தினால் துளைதான் உடையும்.

அப்புறம் போர்டின் பின்பக்கம். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா? விஜிஏ துளை உள்ள எச்610 இன்னமும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், எச்டிஎம்ஐ-ஐ விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று தனியாக வாங்கி அது அவ்வப்போது கறுப்புத்திரை காட்டுவதைவிட நல்லது. யூஎஸ்பி எண்ணிக்கையை எண்ணுங்கள்: கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பென்டிரைவ் என்று ஒரு ஆடிட்டர் அலுவலக மேசையிலேயே ஆறு ஆகிவிடும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்துக் கார்பன் பில் அடிக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, அந்தப் பழைய பேரலல் போர்ட்டுக்கான பின்கள் சில போர்டுகளில் மட்டும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.

கேபினெட்டோடு இலவசமாக வந்த '450 வாட்' டப்பாவை வைத்துப் புது போர்டை ஓட்ட நினைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஐ3-12100 முழு வேகத்தில் 89 வாட், 12400 117 வாட் வரை இழுக்கும், வாட் கணக்கு பெரிதில்லை. பிரச்சினை அந்த டப்பா தரும் மின்சாரத்தின் தரம், அதோடு கரண்ட் போய்ப் போய் வரும் ஊர். ப்ராசஸருக்கான எட்டு பின் கேபிள் இருக்கிறதா பாருங்கள், பழையதில் நான்கு பின் மட்டும்தான் இருக்கும். எட்டு பின் துளையில் நான்கு பின்னைச் செருகி ஐ3-ஐ ஓட்டிவிடலாம், ஆனால் ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து எட்டு பின்னாக மாற்றும் அடாப்டரைக் கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். நல்ல பிராண்டில் 80 ப்ளஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) முத்திரையோடு 450 வாட் ஒன்று வாங்குங்கள், அடுத்த கம்ப்யூட்டருக்கும் அது வரும்.

ரிச்சி தெரு காம்போ

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி ரிச்சி தெருவில் நடந்தால், 'ஐ5 போர்டு ப்ராசஸர் காம்போ' என்று ஆச்சரியமான விலையில் அட்டை தொங்கும். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு என்று பதில் வரும். அதாவது 2011-லிருந்து 2014 வரை வெளிவந்த, எங்கோ ஒரு அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட ப்ராசஸர், அதற்கு இப்போது புதிதாக அடித்த எச்61 அல்லது எச்81 போர்டு. டிடிஆர்3 ராம்தான் போகும், விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, எதற்காக மாற்றுகிறோமோ அதுவே நடக்காது. லினக்ஸ் போட்டு ஓட்டப் போகிறேன், கைவசம் டிடிஆர்3 இருக்கிறது, 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்பவருக்கு அது நியாயமான சரக்கு. மற்றவர்கள் அடுத்த கடைக்குப் போகலாம். எக்ஸ்99 போர்டும் பல கோர் ஸியானும் (இன்டெல்லின் சர்வர் ப்ராசஸர்) சேர்ந்து வரும் காம்போவும் இதே ரகம்தான். கோர் எண்ணிக்கை கண்ணைப் பறிக்கும், போர்டு போனால் மாற்றித் தர ஆள் இருக்காது.

கடையில் வாங்கும்போது சீல் பிரிக்காத பெட்டி ப்ராசஸரா, பெட்டியில்லாமல் வரும் 'டிரே' சரக்கா என்று கேளுங்கள். பெட்டியில் வருவதற்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே மூன்று வருட வாரண்டி தருகின்றன, டிரே என்றால் விற்றவர் சொல்வதுதான் வாரண்டி, கூலரும் வராது. பழைய இன்டெல் கூலரை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் முடியாது, எல்ஜிஏ1700-இல் கூலர் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.-லிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது. ஜிஎஸ்டி 18 சதவீதம், பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். குறைப்பது சில ஆயிரம், போவது மூன்று வருட வாரண்டி. பில்லில் சீரியல் எண்களையும் எழுதி வாங்குங்கள்.

13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸரை எச்610-இல் போடுவதாக இருந்தால் பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ப்ராசஸரே இல்லாமல் பென்டிரைவில் அப்டேட் செய்யும் வசதி விலை கூடிய போர்டுகளில்தான் அதிகம்.

மாற்றுகிற அன்றைக்கு

பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று விண்டோஸ் செட்டிங்ஸில் பார்த்து அணைப்பது. சாவி பழைய போர்டின் டிபிஎம்-இல் இருக்கும். அணைக்காமல் மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நின்றுவிடும், அது கையில் இல்லையென்றால் ஃபைல்கள் போனதுதான். விண்டோஸ் லைசன்ஸ் ரீடெயில் (தனியாக வாங்கியது) என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிட்டு மாற்றுங்கள், ஓஇஎம் (கம்ப்யூட்டரோடு வந்தது) என்றால் அது பழைய போர்டோடே முடிந்தது, அதையும் செலவில் சேருங்கள்.

பழைய விண்டோஸை அப்படியே ஓட்ட நினைக்கிறவர்களுக்கு இன்னொரு தடை. பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும், புது இன்டெல் போர்டுகள் உள் கிராபிக்ஸோடு அந்த முறையில் பூட் ஆகாது. விண்டோஸ் 10-லேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் கழற்றுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம், முதலில் பேக்கப் எடுத்துவிட்டு. ஆனால் ஒருநாள் ஒதுக்க முடிந்தால் புதிதாக விண்டோஸ் 11 போடுவதுதான் நிம்மதி.

மாட்டி முடித்து டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் போய் ராம் வேகத்தைப் பாருங்கள். 3200 ராம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருந்தால் ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி-ஐ ஆன் செய்யுங்கள்.

எல்ஜிஏ1700, ஏஎம்5 இரண்டிலும் பின்கள் போர்டில்தான். கடையிலேயே போர்டைத் திறந்து, மூடியை எடுத்து, மொபைல் டார்ச் அடித்துச் சாக்கெட்டைச் சாய்வாகப் பாருங்கள், ஒரு பின் வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஒளி வேறு மாதிரி தெரியும். அங்கேயே மாற்றி வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபின் சொன்னால் நீங்கள் வளைத்தது என்பார்கள். ப்ராசஸரை மாட்டும்போது தெறித்து விழும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாமல் போர்டின் பெட்டிக்குள்ளேயே பில்லோடு வையுங்கள். மூன்று வருடத்துக்குள் போர்டு ரிப்பேரானால், சாக்கெட்டை மூடாமல் கொண்டுபோன போர்டைச் சர்வீஸ் சென்டரில் வாங்கவே யோசிப்பார்கள்.